மேலத் துறை

அக்டோபர் 9, வியாழன்

இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். வலது கை நன்றாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று மாலை எங்கள் தோணி பாறையில் அடித்துவிட்டது. தம்பி ராயப்பனும் அவன் ஆட்களும் பிழைத்தார்கள். தோணியும் மிதக்கிறது. ஆனால் ஒரு நங்கூரம் சங்கிலியோடு கடலுக்குள் போய்விட்டது, சுக்கான் பிளந்துவிட்டது. எங்கள் அப்பா கட்டிய தோணி அது. ராயப்பன் அதற்குத் தண்டல். பெரிய கப்பல்களில் கேப்டன் என்பார்களே, தோணியில் அவர்தான் தண்டல். இந்தத் தோணி போனால் அவனுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

தூத்துக்குடியிலிருந்து நாள் கணக்கில் கடல் தாண்டி, ஹிந்தி புழங்கும் இந்தப் புன்னைத்தீவுக்குப் புதுப் பள்ளிக்கூடம் கட்ட சிமெண்டும் தகரமும் ஏற்றி வந்தோம். நான் வந்திருக்க வேண்டியதே இல்லை. பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். வரைபடத்தில் கம்பு வைத்துக் காட்டிய தீவுகளில் ஒன்றையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று தம்பியை நச்சரித்து ஏறினேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நேற்று மதியம் ஊர் இருக்கும் தெற்குக் கரைக்கு எதிரே நின்றோம். கிழக்கிலிருந்து இதமான காற்று. அப்போது கரையிலிருந்து ஒயர்லெஸ்ஸில் ஒரு குரல், நல்ல தமிழில்: "தண்டல், காத்து மாறப் போவுது. நங்கூரத்த எடுத்துட்டு மேலத் துறைக்குப் போயிருங்க. அங்க மணல் தரை. பயமே இல்ல."

ராயப்பன் இந்தத் தீவுக்கு இப்போதுதான் முதல் தடவை வருகிறான். மேலத் துறைக்குத் தோணியைத் திருப்பினான். தீவின் மேற்கே ஒரு வளைவு இருந்தது. நங்கூரம் போட்டு நின்றோம். எதிரே சூரியன் அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. அது கடலைத் தொடும் முன்பே மேற்கிலிருந்து காற்று அறைந்தது. கீழே மணல் இல்லை, வெறும் பாறை.

நங்கூரம் தன் கனத்தால் கப்பலை நிறுத்துகிறது என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நீளமாக விட்ட சங்கிலி தரையில் படுத்துக் கிடக்க வேண்டும், நங்கூரத்தின் நாக்கு மண்ணைக் கடிக்க வேண்டும். சேற்றில் ஊன்றிய கால் இழுத்தால் மெதுவாக வரும். பாறை இடுக்கில் சிக்கிய கால் வராது, ஒடியும். எங்கள் சங்கிலி ஒடிந்தது.

கரைக்கு வந்து சேர்ந்ததும் அந்த ஒயர்லெஸ் ஆள் ஓடிவந்தார். பெயர் காசிலிங்கம். காது கொஞ்சம் மந்தம் போல, எல்லாவற்றையும் கத்தித்தான் பேசுகிறார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. "சொன்ன எடத்துல போட்டிருந்தா சங்கிலி ஏன் அறுந்திருக்கும் தண்டல்?" என்றார்.

ராயப்பன் கையை ஓங்கிவிட்டான். ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். சொன்ன இடத்தில்தானே போட்டோம்!

அக்டோபர் 12, ஞாயிறு

இங்கே மாதா கோயில் இல்லை. நானே உட்கார்ந்து ஜெபித்தேன்.

தோணி மறுபடி தெற்குக் கரையில் நிற்கிறது, இருக்கும் ஒரே நங்கூரத்தில். சுக்கானுக்கு வேண்டிய இரும்பு, சர்க்கார் கப்பலில் வர வேண்டும். கை சரியாகும்வரை நான் கரையில் தங்குவது என்று முடிவு. டீக்கடை நடத்தும் முத்திருளாயி என்ற அம்மாள் இடம் கொடுத்திருக்கிறாள். தாராளமான கை, டம்ளர் வழிய வழியத் தேநீர் ஊற்றுகிறாள். பிறகுதான் தெரிந்தது, அவள் காசிலிங்கத்தின் அக்கா.

இன்று அவர் வீட்டைப் பார்த்தேன். வாசல் கதவு ஒரு கப்பலின் கதவு. ஜன்னல், கப்பலில் இருக்கும் வட்டக் கண்ணாடி. வேலிக்குக் கம்பிக்குப் பதில் நங்கூரச் சங்கிலி. கோழிகள் அடைவது ஒரு உயிர்காப்புப் படகில். இத்தனை கப்பல்கள் இவர் வீட்டுக்கு எப்படி வந்தன?

நான் எளிதில் சந்தேகப்படுகிறவள் இல்லை. வகுப்பில் பேனா காணாமல் போனால் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, எடுத்தவர் மேஜையில் வைத்துவிடலாம் என்பேன். ஆனால் ஒரே பையனின் பையில் பத்துப் பேனா இருந்தால் ஆசிரியை என்ன நினைப்பாள்?

அக்டோபர் 13, திங்கள்

இன்று நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

காலையில் முத்திருளாயியிடம் குளிக்க இடம் கேட்டேன். "கீழக் கிணத்துல குளிங்க டீச்சரம்மா. மேலக் கிணறு குடிக்கறதுக்கு" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். நான் கிழக்கே நடந்தேன். மலையடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே ஒரு கிணறு. தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி. சோப்புப் போட்டுத் தலையோடு குளித்துக்கொண்டிருந்தபோது நாலு பெண்கள் குடத்தோடு வந்தார்கள். முதலில் திகைத்தார்கள். பிறகு ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள், "ஏ அம்மா! ஊரே குடிக்கிற தண்ணிய நாசம் பண்ணிட்டியே! படிச்சவங்கதானே நீங்க?"

வீட்டுக்கு வந்து முத்திருளாயியைக் கேட்டேன். "நான் கீழக் கிணறுன்னுதானே சொன்னேன்" என்று சிரித்தாள். மேலும் சிரித்தாள். மாலைக்குள் ஊரே சிரித்தது.

ஒரு குடும்பத்தில் தம்பி தவறான துறையைச் சொல்கிறான், அக்கா தவறான கிணற்றைச் சொல்கிறாள். இரண்டு பேரும் பிறகு "சரியாகத்தான் சொன்னேன்" என்கிறார்கள். இதற்கு மேல் நான் எதுவும் எழுதவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

ராயப்பன் சிறு படகில் வந்தான். கடற்கரையில் தனியாக உட்கார்ந்து பேசினோம். கிணற்று விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவனும் சிரித்தான், பாவி. பிறகு முகம் மாறியது.

"அப்ப இது அவங்களுக்குப் பழக்கம்தானோ அக்கா? தோணிய ஒடைச்சுப் பொறுக்கித் திங்கதுதான் தொழிலு."

"அப்படி நான் சொல்லல ராயப்பா. ஆனா கவனமா இருக்கணும்."

"ஒத்த நங்கூரத்துல நிக்கேன். இன்னொரு தடவ அடிச்சா தோணி இல்ல. ஆளும் இல்ல. ஒயர்லெஸ்ல அவன் கூப்புட்டா நான் என்ன செய்யட்டும்?"

யோசித்தேன். பரீட்சையில் பக்கத்துப் பையன் வேண்டுமென்றே தப்பு விடை காட்டுகிறான் என்று தெரிந்தால், புத்திசாலிப் பிள்ளை என்ன செய்யும்? அவன் 'சரி' என்று காட்டியதைத் 'தவறு' என்று எழுதும்.

"அவன் எதச் சொன்னாலும் சரின்னு சொல்லிக்கிடு. நேர் எதிராச் செய்யி" என்றேன். "நானே ஒயர்லெஸ்ல வந்து சொன்னாலும், அவன் பக்கத்துல நிக்கானான்னு முதல்ல கேட்டுக்கிடு. நின்னான்னா, என்னைய மிரட்டிச் சொல்ல வைக்கான்னு வச்சுக்க."

"இது நல்ல யோசனைக்கா" என்றான். போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனான். சிறு வயதில் பயந்தால் அப்படிச் செய்வான்.

அக்டோபர் 19, ஞாயிறு

காசிலிங்கம் படகை எடுத்துக்கொண்டு தோணி அடிபட்ட இடத்துக்குப் போகிறார். மூங்கில் முனையில் கொக்கி. மூழ்குகிறார், எழுகிறார், மூழ்குகிறார். நான் புன்னை மரத்தின் பின்னால் நின்று பார்த்தேன். ஒளிந்து அல்ல, வெயிலுக்காக.

சாயங்காலம் அவர் வீட்டு முற்றத்தில் எங்கள் நங்கூரம் கிடந்தது. அப்பா பெயரின் முதல் எழுத்து அதில் வெட்டியிருக்கும். அதே எழுத்து. அவர் குந்தி உட்கார்ந்து அதில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நல்ல இரும்பு டீச்சர்!" என்று கத்தினார். திருடனுக்கு இவ்வளவு சத்தம் ஆகாது.

அக்டோபர் 21, செவ்வாய்

இது எதிர்பாராதது. காசிலிங்கம் நங்கூரத்தைப் படகில் ஏற்றித் தோணிக்கே கொண்டுபோயிருக்கிறார். ராயப்பன் ஏற்றிக்கொள்ளவில்லை. அவன் ஆள் மிக்கேல் கரைக்கு வந்து விவரம் சொன்னான்.

"தண்டல் மேல நின்னு, 'நீ தொட்ட இரும்பு என் தோணியில ஏறாது'ன்னுட்டாரு. அந்தாளு, 'அச்சா, அப்ப என் வீட்லயே கெடக்கட்டும்'னுட்டுத் திருப்பிட்டாரு. அதத் தூக்கிட்டு வந்ததுல அவரு முதுகு பிடிச்சிக்கிச்சு டீச்சர். பாக்கப் பாவமா இருந்துச்சு."

சங்கிலி இணைப்பில் எதையாவது அரத்தால் ராவி வைத்திருக்கலாம். கொடுக்கிறவன் ஏன் கொடுக்கிறான் என்று பார்க்க வேண்டும். ராயப்பன் செய்தது சரிதான்.

அக்டோபர் 22, புதன்

மழை. மணிக்கட்டுக் கட்டைப் பிரித்தேன். முத்திருளாயி எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள்.

அக்டோபர் 24, வெள்ளி

கப்பல் வந்து போயிற்று. சுக்கான் இரும்பு வந்துவிட்டது. வேலை தொடங்கிவிட்டார்கள்.

மாலையில் முத்திருளாயி அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "தை மாசம் வரைக்கும் இருந்தீங்கன்னா பொங்கல் பாக்கலாம் டீச்சரம்மா. மேலத் துறையில வெப்போம். இருட்டோட போயிருவோம். சூரியன் கடல்லேர்ந்து கெளம்பறப்ப பானை பொங்கணும்."

பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் எனக்குக் கை அரிக்கும். "மேலத் துறையில சூரியன் மறையும்மா. கிளம்பாது" என்றேன்.

"ஏன் கெளம்பாது? தெனமும் அங்கதான் கெளம்புது."

"மேற்குல சூரியன் உதிக்குமா?"

"மேற்குன்னா?" என்றாள்.

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே கேட்டாள். "நாங்க ஹிந்தி ஸ்கூல்ல படிச்சவங்க. சூரியன் வர்ற பக்கம் பூரப், போற பக்கம் பச்சிம், அது தெரியும். மேல, கீழ தெரியும். இது என்ன மேற்கு?"

"மேல எது, காட்டுங்க."

கையை நீட்டினாள், மலையை நோக்கி. கிழக்கே.

"கீழ?"

கடல் வரை சரிந்து இறங்கும் தென்னந்தோப்பை நோக்கி. மேற்கே.

எத்தனை வகுப்புகளில் நானே நடத்திய பாடம்! தட்டைச் சாய்த்துப் பிடித்துக் காட்டுவேன். நம் நாட்டில் மேற்கே மலை, மேடு. அதனால் மேல் திசை, மேற்கு. கிழக்கே கடல், பள்ளம். அதனால் கீழ்த் திசை, கிழக்கு. தட்டில் தண்ணீர் ஊற்றினால் எப்படி ஓடும் என்று கேட்பேன். "மேலேயிருந்து கீழே, டீச்சர்" என்று வகுப்பே கத்தும். இந்தத் தீவில் தட்டை மறுபக்கம் சாய்த்து வைத்திருக்கிறது. மலை கிழக்கே இருக்கிறது. இவள் தாத்தாவும் பாட்டியும் தோட்ட வேலைக்கு வந்தபோது 'மேல', 'கீழ' என்ற சொற்களைக் கொண்டுவந்தார்கள். சொற்கள் இங்கே மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டன.

மேலக் கிணறு மலையடிவாரக் கிணறு. மேலத் துறை மலைக்குப் பின்னால் இருக்கும் கிழக்குத் துறை. மேற்குக் காற்றுக்கு மலை மறைப்பு. மணல் தரை.

அந்த மனிதர் சரியான இடத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

"என்ன டீச்சரம்மா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள். தேநீர் கேட்டேன்.

அக்டோபர் 25, சனி

காசிலிங்கத்தின் ஒயர்லெஸ் குடிசைக்குப் போனேன். மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து இரு பக்கக் கடலும் தெரியும். இடுப்பில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகு வலி இன்னும் போகவில்லை.

ஒரு தட்டைச் சாய்த்துக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"அய்யோ டீச்சர்! அப்ப தண்டல் நான் சொன்னபடிதான் போனாரா? சொன்ன பேச்சு கேக்காத திமிரு பிடிச்ச ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே!"

"இதுக்கு முன்னாடி இப்படி ஆனதில்லையா?"

"வர்ற கப்பலெல்லாம் ஹிந்திக்காரங்க. பூரப் பச்சிம்னு சொல்லிருவேன். மொத மொத தமிழ்த் தோணி வருது. தமிழ்ல பேச ஆளு கெடச்சுதேன்னு ஆசையாத் தமிழ்ல சொன்னேன்."

வீட்டிலுள்ள கப்பல் சாமான்களைப் பற்றியும், சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவர் அப்பா காலத்தில் புயலில் கரைதட்டிக் கைவிடப்பட்ட ஒரே சரக்குக் கப்பலாம். ஊரில் பாதி வீடுகளில் அதன் பலகைதானாம். இத்தனை நாளில் நான் வேறு எந்த வீட்டு வாசலையும் உற்றுப் பார்க்கவில்லை.

'மேற்கு', 'கிழக்கு' என்று குழந்தை போலப் பலமுறை சொல்லிப் பார்த்தார். "இனிமே தண்டல்கிட்ட உங்க ஊரு மாதிரியே சொல்றேன் டீச்சர். மலைப் பக்கம்னா கீழ. சரிதானே?"

சரி என்றேன். நல்ல மாணவர்.

மற்றதை அவரிடம் சொல்லத் தேவை இருக்கவில்லை. நான் அவரைச் சந்தேகப்பட்டேன் என்றும் சொல்ல முடியாது. கவனமாக இருந்தேன், அவ்வளவுதான்.

ராயப்பனிடம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 27, திங்கள்

கடல் கொந்தளிப்பு. சிறு படகு எதுவும் போகவில்லை. சுக்கான் மாட்டியாகிவிட்டது என்று தோணியிலிருந்து துணி அசைத்துக் காட்டினார்கள். ராயப்பனிடம் பேச ஒயர்லெஸ்ஸுக்குப் போகலாமா என்று நினைத்தேன். ஆனால் பேசினால் காசிலிங்கம் பக்கத்தில் இருந்து கேட்பார். நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 28, செவ்வாய்

காற்றில் விளக்கு ஆடுகிறது. எழுத்து கோணலாக வரும்.

காலையில் வடக்கிலிருந்து பலமான காற்று. மதியத்துக்குப் பிறகு காசிலிங்கம் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். குடிசைக்குப் போனதும் உற்சாகமாக, "வாங்க டீச்சர். புயல் வடக்க தாண்டிப் போவுது. சாயங்காலத்துக்குள்ள காத்து மேற்குல திரும்பும். மேற்கு! பாத்தீங்களா? இன்னைக்கு நான் பரீட்சை எழுதப் போறேன், நீங்க மார்க் போடுங்க" என்றார்.

நான் சிரித்தேன். ஆண்டவர் சாட்சியாகச் சிரித்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அவர் ஒலிவாங்கியை எடுத்து, ஒவ்வொரு சொல்லாக, "தண்டல், காத்து திரும்பப் போவுது. கீழத் துறைக்குப் போயிருங்க. கீழ. கிழக்கு. மலைக்குப் பின்னால" என்றார். கரகரப்பில் கடைசிச் சொற்கள் போய்ச் சேர்ந்தனவோ இல்லையோ.

"சரி" என்று மட்டும் ராயப்பன் குரல் வந்தது.

நங்கூரம் எடுப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. தோணி மெல்லத் திரும்பியது. மேற்கு நோக்கி.

காசிலிங்கம் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏன் அந்தப் பக்கம் போறாரு?" என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பயம், தப்பாக விடை எழுதிவிட்ட பிள்ளையின் பயம். "டீச்சர், நான் சரியாத்தானே சொன்னேன்? கிழக்குன்னா மலைப் பக்கம்தானே? மாத்திச் சொல்லிட்டேனா?"

அவர் மாற்றிச் சொல்லவில்லை. அவர் எதைச் சொன்னாலும் எதிராகச் செய்யச் சொன்னவள் நான். பழைய தப்பை அவர் தப்பாகவே விட்டிருந்தால் ராயப்பன் இந்நேரம் பத்திரமாகக் கிழக்கே போயிருப்பான். நான் திருத்தியதால் அவர் சரியாகச் சொன்னார். அவர் சரியாகச் சொன்னதால் என் தம்பி பாறைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

ஒலிவாங்கியைப் பிடுங்கினேன். எங்கே அழுத்துவது என்று அவர்தான் காட்டினார்.

"ராயப்பா, அக்கா பேசுதேன். தோணியத் திருப்பு. கிழக்க போ. கிழக்க!"

கரகரப்பு. பிறகு அவன் குரல், அந்தச் சின்னக் குடிசை முழுக்க:

"அக்கா, அவன் பக்கத்துல நிக்கானா?"

நான் காசிலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ பயப்படாத. மிரட்டுதானா? நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. அவன் சொன்னதுக்கு நேர் எதிராத்தான் போறேன். நீ எப்படியாவது அங்கன இருந்து வெளிய வந்துரு."

காசிலிங்கத்துக்குக் காது மந்தம் என்று எழுதியிருக்கிறேன். இதில் ஒரு சொல்லும் அவருக்குத் தப்பவில்லை. என்னைப் பார்த்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்து மழைக்குள் போனார். வெளியிலிருந்து கதவை இழுத்து மூடினார்.

அவர் ஏன் போனார் என்று புரிய எனக்கு ஒரு மூச்சு விடும் நேரம் ஆனது.

"இல்ல ராயப்பா" என்றேன். "இங்க யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா. அவரு வெளிய மழையில நிக்காரு. அவரு அன்னைக்கும் சரியாத்தான் சொன்னாரு, இன்னைக்கும் சரியாத்தான் சொல்லுதாரு. இவங்க ஊர்ல மேலன்னா கிழக்கு. நாமதான் தப்பா எடுத்துக்கிட்டோம்."

"என்னக்கா சொல்லுத? ஒண்ணும் வெளங்கல. கீழயா, மேலயா?"

அந்த இரண்டு சொற்களும் இனி எதற்கும் உதவாது என்று தெரிந்தது. வேறு எதைச் சொல்ல?

"இங்க கேளு. நம்ம ஊர்ல காலையில சூரியன் கடல்ல இருந்து வரும்லா? இங்க உனக்கு எங்கேயிருந்து வந்துச்சு, தினமும் பாத்தியே?"

கரகரப்பு. "மலையில இருந்து."

"அந்த மலைக்குப் பின்னால போ. மணல் தரை. சங்கிலிய நீளமா விடு. போலே என் ராசா."

பதில் வரவில்லை. ஜன்னலுக்கு ஓடினேன். தோணி மேற்கு முனையைத் தாண்டும் இடத்தில் இருந்தது. அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. திரும்புகிறதா, அலைதான் திருப்புகிறதா என்று தெரியவில்லை. பிறகு அணியம், தோணியின் முன்முனை, என்னை நோக்கி வந்தது. முழுதாகத் திரும்பியது. கிழக்கே போனது.

கதவைத் திறந்தேன். காசிலிங்கம் இரண்டு கையையும் தலைமேல் வைத்து மழையில் நின்றிருந்தார். தோணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள வாங்க" என்றேன். "மலையத் தாண்டட்டும்" என்றார்.

அக்டோபர் 29, புதன்

மேற்குக் காற்று இரவெல்லாம் அடித்தது. மேற்குக் கரையில் தென்னைகள் படுத்துவிட்டன. படகுத்துறையில் பாதியைக் காணோம்.

காலையில் ஊரோடு மலையேறிப் பார்த்தேன். கிழக்குத் துறையில் தண்ணீர், தட்டில் வைத்தது போல இருந்தது. தோணி ஒற்றை நங்கூரத்தில் நின்றது. மேல்தளத்தில் யாரோ சட்டையைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

ராயப்பன் நேற்றே போய்க் காசிலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். அழுதானாம். நங்கூரத்தையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆண்களுக்கு இதெல்லாம் சுலபமாக முடிந்துவிடுகிறது.

என்னால் இன்றுதான் போக முடிந்தது. அவருக்குக் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒயர்லெஸ் முன்னால் உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"ரெண்டு நாளா யோசிச்சேன் டீச்சர். கெணறு, தொறை எல்லாத்துக்கும் உங்க ஊர்ல மேல வேற, எங்க ஊர்ல மேல வேற. ஒண்ணுக்கு மட்டும் ரெண்டு ஊர்லயும் ஒரே அர்த்தம்தான்."

"எதுக்கு?"

"என் மேல சந்தேகம்."

சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்:

"உங்க ஸ்கூல்ல ஒரு புள்ள தப்புப் பண்ணிட்டான்னு வைங்க. அடிக்கறதுக்கு முன்னால, ஏண்டா இப்படிச் செஞ்சன்னு கேப்பீங்கதானே?"

"கேப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவர் தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 5, புதன்

இன்று புறப்படுகிறோம். சரக்கு எல்லாம் இறக்கியாகிவிட்டது. கடல் அமைதி.

முத்திருளாயி படகுத்துறை வரை வந்தாள், ஒரு பொட்டலம் கருவாட்டோடு. புயலன்று குடிசையில் நடந்தது இவளுக்குத் தெரிந்திருக்கும், என்ன கேட்கப் போகிறாளோ என்று நான் காலையிலிருந்து ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது. காசிலிங்கம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

"காய்ச்ச விட்டிருச்சு டீச்சரம்மா, ஆனா எந்திரிச்சு வர முடியல அவனுக்கு" என்றாள். "ஊர்ல எல்லாருகிட்டயும் உங்களப் பத்தித்தான் பேச்சு. டீச்சர் வந்து திசையெல்லாம் கத்துக்குடுத்தாங்க, அவங்களாலதான் தோணி தப்பிச்சுதுன்னு. உங்க மேல அம்புட்டு மரியாதை அவனுக்கு."

கருவாட்டை என் கையில் திணித்தாள்.

வாங்கிக்கொண்டேன்.